மாமன் வழியா, மாமி வழியா

கருப்பட்டி வியாபாரம் செய்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு யாரையும் நம்பிவிட முடியாது. உடன்குடியிலிருந்து ஓலைப் பெட்டியில் சரக்கு வந்து இறங்கியதும் அடியில் கையை விட்டு ஒரு கருப்பட்டியை எடுத்து உடைத்துப் பார்ப்பேன். மேலே இருப்பதைத் தொட மாட்டேன். அது எனக்குக் காட்டுவதற்காக வைத்தது. உடைத்த இடம் மங்கலாக, பழுப்பும் கறுப்புமாக இருந்தால் நல்ல சரக்கு. பளபளவென்று மின்னினால் சீனி கலந்திருக்கிறார்கள். பாளையங்கோட்டைக் கடையில் உட்கார்ந்த நாளிலிருந்து இதுதான் என் வழக்கம். சரக்கு கொண்டுவருகிறவர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இந்தப் புத்தி கடையோடு நின்றுவிடவில்லை. மீன்காரி 'இன்னைக்குப் பிடிச்சது அண்ணாச்சி' என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். டாக்டர் எழுதிய மாத்திரை எதற்கென்று மருந்துக் கடையில் இன்னொரு தடவை கேட்பேன். "ஒங்ககூட வெளிய வரவே வெக்கமா இருக்கு அத்தான்" என்பாள் என் மனைவி. அவள் என் தாய்மாமன் மகள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அத்தான் என்றுதான் கூப்பிடுகிறாள், கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. எங்கள் குடும்பத்தில் வெளியில் பெண் எடுப்பது, கொடுப்பது எல்லாம் கிடையாது. தெரியாத வீட்டில் கொடுத்து என்ன இருக்கிறதோ ஏது இருக்கிறதோ என்று பயந்து கிடப்பதைவிடத் தெரிந்த வீடு நல்லது என்பது பெரியவர்கள் கணக்கு. என் ஒரே மகளை என் அக்காள் மகனுக்குத்தான் கொடுப்பது என்பதும் அவள் தாவணி போட்ட காலத்திலேயே பேசி முடித்தது.

அந்தக் கல்யாணத்துக்கு நாள் பார்க்கலாம் என்று பேச்சு எடுத்த சமயத்தில்தான் மனைவி வெளுக்க ஆரம்பித்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தம் குறைவு என்று தெரு முனை டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். எனக்கு அது ரொம்பவும் அவமானமாகப் போய்விட்டது. ரத்தம் ஊற வேண்டும் என்று ஊர் முழுக்க என் கடையில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு போகிறது. கருப்பட்டிக்காரன் மனைவிக்கு ரத்தமில்லை என்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? தினமும் கருப்பட்டிக் காப்பி, சனிக்கிழமை உளுந்தங்களி என்று போட்டுத் தாக்கினேன். ரத்தம் ஏறவில்லை. உடனே என் சந்தேகம் கருப்பட்டிமேல் போனது. அவளுக்கென்று எடுத்து வைத்திருந்த பெட்டியில் ஒன்று விடாமல் உடைத்துப் பார்த்தேன். எல்லாம் மங்கலாக, ஒழுங்காகத்தான் இருந்தன. அப்படியும் மனம் கேட்காமல் உடன்குடிக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வேறு ஆளிடம் சரக்கு எடுத்தேன். அவளுக்கு வயிற்றால் கறுப்பாகப் போனதை மாத்திரையால் வருகிற கறுப்பு என்று எல்லோருமே நினைத்துக்கொண்டோம். மாத்திரைக்கு அப்படிப் போவது உண்டுதான்.

ஒரு நாள் வண்ணாரப்பேட்டை பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் வலது பக்கம் கட்டி. உள்ளே இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தைக் கசியவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்துக் குடலை வெட்டி எடுத்தார்கள். வேறு எங்கும் பரவவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு, இவ்வளவு நல்ல செய்தியை எதற்கு இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள் என்ற யோசனையும் வந்தது.

மூக்கில் வியர்த்தது சரியாகத்தான் போயிற்று. தையல் பிரித்த பிறகு புற்றுநோய் டாக்டர் அம்மா கூப்பிட்டனுப்பினார். இளவயசுக்காரி, சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"அண்ணாச்சி, உடம்புல செல்லு பெருகும்போது மரபணுவுல எழுத்துப் பிழை வரும். அதத் திருத்துறதுக்குன்னு சில புரதம் இருக்கு. ஒங்க வீட்டம்மாவோட கட்டியில அதுல ஒண்ணு இல்ல."

"ஏன் இல்ல?"

"அதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, அந்தப் புரதத்தைச் செய்யுற மரபணுவே பிறவியிலயே பழுதா இருக்கலாம். அப்படின்னா அது அப்பாகிட்ட இருந்தோ அம்மாகிட்ட இருந்தோ வந்திருக்கும். பிள்ளைகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இன்னொண்ணு, மரபணு நல்லாத்தான் இருக்கும், ஆனா வேலை செய்யாது. மெத்தில்னு ஒரு சின்ன வேதிப்பொருள் அதோட முன்பக்கத்துல வரிசையாப் போய் ஒட்டிக்கிடும். ஒட்டிக்கிட்டா செல்லு அந்த மரபணுவ வாசிக்க முடியாது."

"சரக்கெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு, ஷட்டர் இறக்கிக் கெடக்கு. அப்படித்தான?"

"அப்படியே வச்சுக்கோங்க."

"ஷட்டரை இறக்குனது யாரு?"

டாக்டர் அம்மா சிரித்தார். வயசு ஆக ஆகச் சிலருக்குக் குடலில் அப்படி நடக்கிறது, ஏன் என்று முழுசாக யாருக்கும் தெரியாது என்றார். அப்படியானால் அது அந்தக் கட்டிக்குள் நடந்த விவகாரம், அநேகமாகக் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எந்தக் காரணம் என்று பார்க்க, மெழுகில் பதித்து வைத்திருக்கிற கட்டியிலிருந்து சீவல் எடுத்துச் சென்னைக்கு அனுப்புகிறோம், முடிவு வரச் சில வாரம் ஆகும் என்றார். 'அநேகமாக' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. வியாபாரத்தில் அந்தச் சொல்லைச் சொல்லுகிறவனிடம் நான் சரக்கு எடுப்பதில்லை.

பிறகு ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, மனைவியின் அப்பா அம்மா எப்படி இறந்தார்கள் என்று கேட்டார். மாமி நெஞ்சுவலியில் போனாள் என்றேன். மாமாவுக்கு மூலம் என்றேன். டாக்டர் அம்மா எழுதாமல் என்னையே பார்த்தார். "மூலத்துல யாரும் சாகுறதில்லையே அண்ணாச்சி" என்றார். அந்த நிமிஷம்வரை எனக்கு அது தோன்றியதே இல்லை. எங்கள் குடும்பத்தில் இடுப்புக்குக் கீழே எந்த நோய் வந்தாலும் அதற்கு மூலம் என்றுதான் பெயர். கட்டிக்கொடுக்க வேண்டிய பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நோயின் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். வெளியே சொல்லாதது நாளாவட்டத்தில் வீட்டுக்குள்ளும் மறந்துபோகும்.

மகளுக்கும் அக்காள் மகனுக்கும் கல்யாணம் பேசியிருப்பதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "முடிவு வர்ற வரைக்கும் தேதி வைக்காதீங்க" என்றார். பழுது மாமா வழியில் வந்ததென்றால் அது மாமாவின் உடன்பிறந்த என் அம்மாவுக்கும் இருந்திருக்கலாம். அம்மா வழியாக எனக்கும் அக்காளுக்கும், அக்காள் வழியாக அவள் மகனுக்கும் வந்திருக்கலாம். பழுதுள்ள இரண்டு பேர் கட்டிக்கொண்டால், பிறக்கிற பிள்ளைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து வந்துவிடக்கூடும். அப்படி வந்தால் சின்ன வயதிலேயே பெரிய நோய்கள் வரும் என்றார். மாமி வழியில் வந்ததென்றால் அக்காள் வீட்டுக்குச் சம்பந்தமில்லை. ஆனாலும் என் மகளைச் சோதிக்க வேண்டும்.

அதிலிருந்து வீட்டில் நான் வேறு மனிதனாகிவிட்டேன். மனைவி சாப்பிடுவதை, நடப்பதை, தூங்குவதை எல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பேன். பாவம், வெட்டுக் காயம் ஆறிக்கொண்டிருக்கிறவளிடம் உன் அப்பாவுக்கு என்ன வியாதி, உன் அம்மாவின் அம்மாவுக்கு என்ன வியாதி என்று விடாமல் நச்சரித்தேன். "எனக்குத் தெரியாது அத்தான்" என்பாள். தெரிந்துகொண்டே மறைக்கிறாளோ என்று தோன்றும். மகள் இருமினாலும் எழுந்து போய்ப் பார்ப்பேன். அவள் ஒரு வேளை பசிக்கவில்லை என்றால் எனக்குத் தூக்கம் போய்விடும். பயம்தான், வேறொன்றுமில்லை. என் பிள்ளை ரத்தத்தில் அது இருக்கக் கூடாது என்கிற பயம். ஆனால் எனக்குப் பயம் வந்தால் அது சந்தேகமாகத்தான் வெளியே வரும்.

அக்காளிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தனி ஆளாக மகனை வளர்த்து ஆளாக்கியவள். எங்கள் அம்மா கடைசிக் காலத்தில் அவள் வீட்டில்தான் இருந்தாள். நான் கடையை விட்டு நகர முடியாதவன் என்று பார்த்துக்கொண்டதெல்லாம் அவள்தான்.

"அம்மைக்குக் கடைசில என்னக்கா செஞ்சுது?" என்று கேட்டேன்.

"வயசாயிட்டு, போய்ச் சேந்தா. வேற என்ன?" கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"மாமாவுக்கு?"

"ஏலே, மாமாவ எதுக்கு இழுக்கே? இது அந்த மாமி வழி. அவ ஆட்களப் பாத்தாலே தெரியாதா, எல்லாரும் வெளுத்துப் போய் நிப்பாவ. நம்ம ரத்தத்துல இப்பிடி ஒண்ணு கெடையாது."

ஊரெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள். என் மனைவியின் காதுக்கும் அது வந்து சேர்ந்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சரி, மருமகளாக வரப்போகிறவளை இதைச் சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அக்காள் அடுத்துச் சொன்னதுதான் என்னைக் குழப்பிவிட்டது. "தேதிய மட்டும் தள்ளாத. ஆவணிலயே முடிச்சிருவோம்" என்றாள். டாக்டர் பொறுக்கச் சொல்கிறார் என்றால், "டாக்டரு கெடக்கா. ஆயிரம் வந்தாலும் அவதான் எனக்கு மருமவ" என்றாள். நோய் இருக்கலாம் என்று தெரிந்தால் நூறு மைல் ஓடுகிற உலகத்தில் என் அக்காளுக்கு மட்டும் இவ்வளவு பெரிய மனசு எங்கிருந்து வந்தது? அவளை எனக்குத் தெரியும். ஒரு முருங்கைக்காயை நாலு தடவை முறுக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். விசாரிக்காமல் அவசரமாகத் தள்ளிவிடப் பார்க்கிறவன் சரக்கில் கோளாறு இருக்கும் என்பது என் அனுபவம். ஆக, கோளாறு பையனிடம்தான் என்று முடிவு கட்டினேன்.

கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் அவன் சூப்பர்வைசர். அங்கே வேலையில் இருக்கிறானா, வேலை போய்விட்டதா, குடிக்கிறானா, வேறு ஏதாவது பெண் விவகாரமா? ஒரு மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிப் போனேன். ஷிஃப்ட் முடிகிற நேரம் வாசலுக்கு எதிரே டீக்கடையில் தினத்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கண்கொத்திப் பாம்பு மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவன் கழுத்தில் அடையாள அட்டையோடு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். நேராக என்னிடமே வந்தான்.

"என்ன மாமா, பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க?"

டீ வாங்கிக் கொடுத்தான். அத்தை எப்படி இருக்கிறாள், வலி குறைந்திருக்கிறதா என்று கேட்டான். என்னைப் பைக்கில் ஏற்றிப் பைய ஓட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் இறக்கிவிட்டான். வாயில் சாராய நாற்றமும் இல்லை, பேச்சில் கள்ளமும் இல்லை. "அம்மாதான் மாமா சரியாச் சாப்பிடவே மாட்டேங்குது. கல்யாணம் கல்யாணம்னு ஒரே புலம்பல்" என்றான். நான் அதைக் காதில் வாங்கவில்லை. இவ்வளவு நல்லவனாக இருக்கிறானே, இதற்குப் பின்னால் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டே கடையைத் திறந்தேன்.

ஆவணி பிறந்து போயும் சென்னையிலிருந்து முடிவு வந்தபாடில்லை. அக்காள் போன் மேல் போன். தேதி, மண்டபம், தேதி, மண்டபம். நான் பிடிகொடுக்கவில்லை. மகளோ இருவருக்கும் நடுவில் அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டும் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டும் இருந்தாள். அவளும் அத்தை மகனும் போனில் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள் என்று மனைவி சொன்னாள். யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டேன். "யாரும் சொல்லல. அதுகளுக்கும் பயம் இருக்கும்லா" என்றாள்.

கடைசியில் டாக்டர் அம்மா கூப்பிட்டார். மகளும் நானும் போனோம். கட்டியில் அந்த மரபணுவின்மேல் மெத்தில் ஒட்டியிருக்கிறது, அதனால்தான் அது அடங்கிக் கிடக்கிறது, கூடவே செய்த இன்னொரு சோதனையும் அதையே காட்டுகிறது என்றார். பரம்பரையாக வந்ததில்லை. நான் சும்மா விடவில்லை. சீவல் மாறிப் போயிருக்காதா, வேறு யாருடையதோ நமக்கு வந்துவிடாதா, மரபணு பழுதாகவும் இருந்து மேலே மூடியும் இருக்காதா என்று துருவித் துருவிக் கேட்டேன். அப்படி இருப்பது ரொம்ப அபூர்வம், உங்கள் வீட்டம்மா வயசும் இதற்குத்தான் பொருந்துகிறது என்று பொறுமையாகச் சொன்னார். மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதோம். அவள் எதற்கு அழுகிறாள், நான் எதற்கு அழுகிறேன் என்றெல்லாம் அன்றைக்கு நான் ஆராயவில்லை. அத்தனை சந்தோஷம்.

போனில் சேதி கேட்டுச் சாயந்தரமே அக்காள் வந்துவிட்டாள். பூ, பழம், அல்வா எல்லாம் ஒரு பையில். நேராக மனைவியின் கட்டிலுக்குப் போய் அவள் தலையில் பூவை வைத்துவிட்டாள். அல்வாவைப் பிட்டு மகள் வாயில் ஊட்டினாள். மாமி வழி என்று அத்தனை பேச்சுப் பேசியவள் இவள்தானா என்று நான் வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டரு என்ன சொன்னாவ? குடும்ப வியாதி இல்லன்னு சொல்லிட்டாவளா? எழுதிக் குடுத்துட்டாவளா?"

"குடுத்துட்டாங்க."

அக்காள் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவள் மாதிரி மூச்சு விட்டாள்.

"இனி சொன்னா என்ன. அம்மைக்கும் கடைசில ரத்தமாத்தாம்லே போச்சு. சேல சேலையா நனையும். ஆஸ்பத்திரிக்குப் போவலாம்னா வேண்டாம்னுட்டா. யாருட்டயும் சொல்லாதன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. நீ வந்து கேட்டப்போ எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு. ஒம் பொண்டாட்டிக்கு இதுன்னா, அம்மைக்கும் இதுதான், அப்போ எனக்கும்னு…"

"ஒனக்கும்னா?"

"இப்பதான் இல்லன்னு ஆயிட்டே. குடும்பத்துலயே இல்லன்னு டாக்டரே எழுதிக் குடுத்தாச்சு. அப்போ எனக்கு ரத்தமாப் போறது வெறும் மூலந்தான்."

மகள் வாயிலிருந்த அல்வாவை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள். அந்தச் சோதனை என் மனைவியின் கட்டியில் செய்தது. அவளுடைய கட்டியைப் பற்றி மட்டும்தான் அது சொல்லும். அக்காள் அதை வீடு முழுக்கக் கொடுத்த நற்சான்றாக எடுத்துக்கொண்டு வந்து அல்வா ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டு நாளாக்கா போவுது?"

"பங்குனி உத்திரத்துக்கு முன்ன இருந்தே."

"ஏங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ! இவள மாமி வழின்னு ஊரெல்லாம் பேசுன. டாக்டரு பொறுக்கச் சொல்லியும் தேதி வையி, தேதி வையின்னு நின்ன. எம் புள்ளைய வச்சு வெளையாடிட்டியே!" நான் கத்தினேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்திருப்பார்கள்.

"நான் படுத்துட்டா எம் பையனுக்கு யாருலே இருக்கா?" அக்காளும் கத்தினாள். "ஒரு வீட்டுல சேத்து விட்டுட்டுப் போயிரணும்னு நெனச்சேன். வெளிய தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? நீயே குடுப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன்.

மனைவி பையக் கட்டிலை விட்டு எழுந்தாள். வயிற்றுத் தழும்பின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு வந்து அக்காள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சத்தம் போடாதீங்க அத்தான். மதினி, நாளைக்குக் காலைல என்கூட வாங்க. எங்க போவணும், யாரப் பாக்கணும்னு எனக்குத் தெரியும். அந்த டாக்டரம்மா நல்லவங்க. கேமரா விட்டுப் பாக்கதுக்கு மயக்க ஊசி போட்டுருவாங்க, ஒண்ணும் தெரியாது."

"ஒன்னய நான் என்னல்லாம் பேசிட்டேன்" என்று அக்காள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அதப் பொறவு பேசிக்கிடுவோம். சண்ட போடத்தான் வருசம் கெடக்கே." மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீங்களும் வாங்க."

"வாரேன். துணைக்கு ஒரு ஆள் வேணும்லா."

"துணைக்கு நான் இருக்கேன். நீங்களும் காட்டணும் அத்தான். ஒங்களப் பெத்ததும் அந்த அத்தைதான?"

மாமாவைக் கேட்டேன், மாமியைக் கேட்டேன், கங்கைகொண்டான்வரை போய்ப் பையனை வேவு பார்த்தேன். நானும் அந்த அம்மாவின் மகன்தான் என்பதை ஒரு நாளும் என் கணக்கில் சேர்க்கவில்லை. நிமிர்ந்தபோது மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாக நான் அவள் அம்மாவைப் பார்த்த பார்வை அது.